திபேரியஸின் வெள்ளிக்காசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர், கரூர் பக்கம் பானையோடு கிடைத்த பழைய ரோமானிய வெள்ளிக்காசுகளில் இரண்டு வகைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று பேரரசர் அகஸ்டஸ் வெளியிட்டது. இன்னொன்று அவருக்குப் பின் வந்த திபேரியஸ் வெளியிட்டது. இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. இந்த வெள்ளிக்காசுக்கு ரோமானியர் வைத்த பெயர் தினாரியஸ். பைபிள் படித்தவர்களுக்கு இது ‘வரிக்காசு’. காசு சேர்ப்பவர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும் சீசர் காசு. எனக்கு, இருபது வருடம் ஒரே படத்தை அச்சடித்துக்கொண்டிருந்த ஒரு பிடிவாதக்காரரின் காசு.

காசில் என்னதான் இருக்கிறது?

தலைப்பக்கத்தில் வலது பக்கம் பார்க்கும் ஓர் ஆணின் முகம். தலையில் லாரல் இலை மாலை. அதன் நாடா முடிச்சு பிடரியில் தொங்கும். நம் இலக்கியத்தில் வென்றவன் வாகை சூடுவதுபோல அங்கே லாரல். முகத்தைச் சுற்றி விளிம்பையொட்டி எழுத்து. விரித்துப் படித்தால் ‘திபேரியஸ் சீசர், தெய்வமான அகஸ்டஸின் மகன், அகஸ்டஸ்’ என்று வரும். முழுச் சொற்களாக இருக்காது. திபேரியஸுக்கு இரண்டே எழுத்து, ‘மகன்’ என்பதற்கு ஒரே எழுத்து. இடம் போதாதல்லவா, சுருக்கிவிட்டார்கள்.

பூப்பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண். ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் ஒரு மரக்கிளை. இருபுறமும் ‘பொன்டிஃப் மாக்ஸிம்’ என்ற எழுத்து. தலைமைக் குரு என்று பொருள். திபேரியஸ் அந்தப் பதவியை ஏற்றது கி.பி. 15 மார்ச்சில்.

குறுக்களவு 18, 19 மில்லிமீட்டர். எடை பெரும்பாலும் 3.7, 3.8 கிராம். நகைக்கடைக் கணக்கில் சொன்னால் அரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. இன்னும் சுலபமாக வேண்டுமென்றால், 2011 முதல் சில வருடங்கள் வந்த ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். அதன் எடை 3.79 கிராம். ரோமானியக் காசு அதைவிட அகலம் குறைவு, தடிமன் அதிகம். கிட்டத்தட்ட அதே கனம்தான்.

யார் இந்த திபேரியஸ்?

கி.மு. 42 நவம்பரில் பிறந்தவர். தாய் லிவியா. குழந்தைக்கு நான்கு வயது ஆகுமுன்பே லிவியா முதல் கணவரை விட்டுப் பிரிந்து, பின்னாளில் அகஸ்டஸ் எனப் பெயர் பெற்ற ஆக்டேவியனை மணந்துகொண்டார். ஆக, ரோமானியப் பேரரசின் முதல் மன்னருக்கு இவர் மாற்றான் மகன்.

வாரிசு வரிசையில் இவர் முதலில் இல்லவே இல்லை. அகஸ்டஸ் தன் மருமகனைப் பார்த்தார், பேரன்களைப் பார்த்தார், ஒவ்வொருவராக இறந்துபோனார்கள். நடுவில் திபேரியஸ் ஆசையாக வாழ்ந்துகொண்டிருந்த மனைவி விப்சானியாவை விலக்கவைத்து, தன் மகள் ஜூலியாவைக் கட்டிவைத்தார். பிறகு ஒருநாள் தெருவில் விப்சானியாவைக் கண்ட திபேரியஸ் கண்ணீரோடு பின்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றதாகவும், அதன்பின் அவர் கண்ணில் அந்தப் பெண் படாமல் ஏற்பாடு செய்யப்பட்டதாகவும் சுயட்டோனியஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். கி.மு. 6-ல் எல்லாவற்றையும் உதறிவிட்டு ரோட்ஸ் தீவுக்குப் போய்விட்டார். எட்டு வருடம் கழித்துத் திரும்பினார். கி.பி. 4-ல், வேறு ஆள் இல்லாத நிலையில், அகஸ்டஸ் அவரைத் தத்தெடுத்தார்.

கி.பி. 14-ல் அரியணை ஏறும்போது வயது 54. நல்ல தளபதி, திறமையான நிர்வாகி, பேச்சில் கஞ்சன், சிரிப்பில் அதைவிடக் கஞ்சன். செப்டம்பர் மாதம் முடியுமுன்பே டான்யூப் நதிக்கரைப் படைகள் கலகம் செய்தன. ஒன்பது வருடம் கழித்து ஒரே மகன் ட்ரூசஸும் இறந்தார். கி.பி. 26-ல் ரோமை விட்டுப் போய் காப்ரி தீவில் குடியேறினார். தலைநகருக்குள் மறுபடி காலெடுத்து வைக்கவில்லை. கி.பி. 37 மார்ச் 16 அன்று, 77 வயதில், மிசேனத்தில் இறந்தார். செய்தி கேட்ட ரோமானியர் “திபேரியஸை டைபர் நதியில் வீசுங்கள்” என்று தெருவில் கத்தினார்களாம்.

காசில் இருப்பது இளைஞன் முகம் போலிருக்கிறதே?

ஆமாம். எழுபது தாண்டியும் காசில் அவருக்கு வயது ஏறவே இல்லை. அது அகஸ்டஸ் தொடங்கிவைத்த பழக்கம். அவரும் கடைசிவரை இளமையாகவே அச்சானார். திபேரியஸின் காசுகளைக் கூர்ந்து பார்த்தால் கடைசி வருடங்களைச் சேர்ந்த சிலவற்றில் கழுத்து தடித்து, முகம் கொஞ்சம் இறுகியிருப்பது தெரியும். அச்சுவெட்டிய கைக்கு உண்மை தெரிந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஏன் இருபது வருடம் ஒரே படம்?

ரோமானியக் காசு அன்றைய செய்தித்தாள் மாதிரி. போரில் வென்றால் ஒரு காசு, கோயில் கட்டினால் ஒரு காசு, வாரிசு அறிவித்தால் ஒரு காசு. அகஸ்டஸ் காலத்து வெள்ளிக்காசுகளில் முதலை உண்டு, காளை உண்டு, வால்நட்சத்திரம் உண்டு.

திபேரியஸ் வந்தார். முதல் ஓரிரு வருடம் மட்டும் நான்கு குதிரை பூட்டிய வெற்றித் தேர், தெய்வமான அகஸ்டஸின் தலை என்று வேறு படங்கள். அப்புறம் இந்த அமர்ந்த பெண். அவ்வளவுதான், சாகும்வரை மாற்றவே இல்லை. அந்தப் பெண் படமும் புதிது கிடையாது. அகஸ்டஸின் கடைசி நாட்களில் வந்த காசின் பூப்பக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்.

சோம்பல் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் சீசர்களின் பெயர்கள், அந்த வரிசையில் நவம்பருக்கு உங்கள் பெயரை வைக்கிறோம் என்று செனட் சபை கேட்டபோது, “பதிமூன்றாவது சீசர் வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று மடக்கிய ஆள் இவர். தன் படத்தை விதவிதமாகக் காட்டுவதில் அவருக்கு ருசி இல்லை. ஆனால் பாருங்கள், எடை மாறாமல், வெள்ளி குறையாமல், படமும் மாறாமல் இருபது வருடம் வந்த காசை வாங்குகிறவன் எழுத்துத் தெரியாவிட்டாலும் நம்பினான். லத்தீன் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாத கொங்கு நாட்டு வியாபாரிக்கு அந்த நாற்காலிக்காரி தெரிந்த முகம். இந்தக் காசைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஏறக்குறைய இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். இது தங்கம், வெள்ளிக்கு மட்டும். வெண்கலக் காசுகளில் அவர் கொஞ்சம் கை திறந்தார். கி.பி. 17-ல் ஆசிய மாகாணத்தில், அதாவது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், ஒரே இரவில் பன்னிரண்டு நகரங்கள் நிலநடுக்கத்தில் இடிந்தன. சார்டிஸ் நகருக்கு மட்டும் ஒரு கோடி செஸ்டர்ஷியஸ் (நான்கு சேர்ந்தால் நம் வெள்ளிக்காசு ஒன்று) கொடுத்து, ஐந்து வருட வரியையும் தள்ளுபடி செய்தார். அதைச் சொல்லும் பெரிய வெண்கலக் காசு உண்டு.

பூப்பக்கத்துப் பெண் லிவியாதானா?

காசில் பெயர் இல்லை. கிளையை வைத்து அமைதித் தெய்வமான பாக்ஸ் என்று சொல்வார்கள். அந்த உருவில் லிவியாவைக் காட்டினார்கள் என்பதுதான் பரவலான கருத்து. லிவியா கி.பி. 29-ல் இறந்தபோது மகன் அடக்கத்துக்கே வரவில்லை, தாயைத் தெய்வமாக்கவும் சம்மதிக்கவில்லை. காசு மட்டும் எட்டு வருடம் அதே பெண்ணோடு வந்துகொண்டிருந்தது. அம்மா என்று நினைத்துத்தான் விட்டுவைத்தாரா, படத்தை மாற்ற மனமில்லாமல் விட்டுவைத்தாரா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கே, எப்படி அச்சடித்தார்கள்?

இன்றைய பிரான்சின் லியோன் நகரில். அன்று அதன் பெயர் லுக்டுனம். ரோமானிய ஆட்சியாளர்கள் தங்கமும் வெள்ளியும் அங்கேதான் அடிக்கிறார்கள் என்று அந்தக் காலத்துப் புவியியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார்.

முறை எளிது, உழைப்புத்தான் அதிகம். கையால் தலைகீழாக வெட்டிய இரண்டு அச்சுகள். கீழ் அச்சு பட்டறைக்கல்லில் பதிந்திருக்கும். அதன்மேல் சூடாக்கிய வெள்ளி வில்லையை இடுக்கியால் வைப்பார்கள். மேல் அச்சை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. அதனால்தான் எந்த இரண்டு காசும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்றில் பெண்ணின் தலை விளிம்புக்கு வெளியே போயிருக்கும். இன்னொன்றில் சீசர் நடுவில் சரியாக உட்கார்ந்திருப்பார், ஆனால் எழுத்து பாதி இருக்காது.

காசில் வருடம் இல்லை. எது முந்தியது எது பிந்தியது என்று பிரிக்க ஆய்வாளர்கள் பார்ப்பது நாற்காலியின் காலை! கடைசல் வேலைப்பாடு இருக்கிறதா, வெறும் குச்சியா, அவள் பாதத்துக்குக் கீழே கோடு ஒன்றா இரண்டா, இப்படி. கண்ணாடி போட்டுக்கொண்டு இதற்காகச் சண்டை போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு தினாரியஸுக்கு என்ன வாங்கலாம்?

முதலில் கணக்கு. ஒரு தினாரியஸ் என்பது 4 செஸ்டர்ஷியஸ், அல்லது ஆஸ் என்ற சில்லறைக்காசு 16. 25 தினாரியஸ் சேர்ந்தால் ஒரு தங்கக்காசு. பெயருக்குப் ‘பத்து அடங்கியது’ என்று பொருள். ஆரம்பத்தில் பத்து ஆஸுக்குச் சமமாக இருந்து பிறகு பதினாறானது. பெயர் மட்டும் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டது.

படைவீரனின் வருடச் சம்பளம் 225 தினாரியஸ். ஒரு நாளைக்குப் பத்து ஆஸ். மேலே சொன்ன கி.பி. 14 கலகத்தில் வீரர்களின் புகாரே அதுதான்: “எங்கள் உடலும் உயிரும் நாளுக்குப் பத்து ஆஸ் என்று விலை போட்டிருக்கிறார்கள். அதிலேயே துணிக்கும் ஆயுதத்துக்கும் கூடாரத்துக்கும் பிடித்தம் வேறு.” அவர்கள் கேட்டது நாளுக்கு ஒரு தினாரியஸ், அதாவது இந்த ஒரு காசு. கிடைக்கவில்லை. பேச்சுவார்த்தைக்குப் போன மகன் ட்ரூசஸுக்கு ஒரு சந்திர கிரகணம் கைகொடுத்தது. வானம் கோபித்துக்கொண்டது என்று பயந்து படை அடங்கியது.

இனி நமக்குப் பழக்கமான ஒரு சரக்கு. ரோமில் ஒரு பவுண்டு கருமிளகு 4 தினாரியஸ் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அவர் எழுதியது திபேரியஸ் இறந்து நாற்பது வருடம் கழித்து என்றாலும் தோராயத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ரோமானியப் பவுண்டு ஏறக்குறைய 327 கிராம். அப்படியானால் வீரனின் ஒரு வருடச் சம்பளம் முழுவதும் கொடுத்தால் பதினெட்டுக் கிலோ மிளகு. ரசம் வைத்துக் குடிக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கிறது.

இயேசு கேட்ட காசு இதுதானா?

கதை தெரிந்ததுதான். ரோமுக்கு வரி கொடுக்கலாமா கூடாதா என்று இயேசுவை மடக்கக் கேட்கிறார்கள். கொடு என்றால் மக்கள் வெறுப்பார்கள், கொடுக்காதே என்றால் ஆட்சி பிடிக்கும். அவர் வரிக்காசைக் காட்டச் சொல்லி, ‘இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது’ என்று கேட்கிறார். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் சீசர் ‘இராயன்’ ஆகிவிடுவதால், ‘இராயனுடையதை இராயனுக்கு’ என்ற பதிலில் ரோமானியப் பேரரசர் ஒளிந்திருப்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்த இராயன் திபேரியஸ்தான். இயேசு சிலுவையில் அறையப்பட்டது அவர் ஆட்சியில். பொந்தியு பிலாத்து அவர் ஆட்சியில் யூதேயாவைப் பார்த்துக்கொண்ட அதிகாரி.

ஆனால் இந்தக் குறிப்பிட்ட காசுதானா? மூலத்தில் ‘தினாரியஸ்’ என்ற சொல் இருக்கிறது. திபேரியஸ் காலத்துத் தினாரியஸ் என்றால் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வகை. அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது. எதிர்த்துச் சொல்பவர்களிடமும் நியாயம் உண்டு. அந்தக் காலத்து யூதேயாவில் புழங்கிய வெள்ளி முக்கியமாகத் தீரு நகரத்து ஷெக்கலும் அந்தியோக்கியாவின் பெரிய காசுகளும். லியோனில் அடித்த தினாரியஸ் அங்கே மண்ணில் அரிதாகவே கிடைக்கிறது. அகஸ்டஸின் பழைய காசாகவும் இருந்திருக்கலாம். கேள்வியின் கூர்மை அதனால் மழுங்கவில்லை. ‘தெய்வத்தின் மகன்’ என்று பொறித்த காசை யூதக் கோயில் வளாகத்தில் மடியில் வைத்திருந்தது யார் என்பதுதான் அங்கே அடி.

தமிழ்நாட்டில் இவ்வளவு எப்படி வந்தது?

மிளகு, முத்து, மெல்லிய துணி, பச்சைக்கல். இவற்றுக்கு விலையாக வந்தது.

கோயம்புத்தூர் அருகே வெள்ளலூரில் 1842-ல் ஐநூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பின்னும் அதே ஊரில் வேறு புதையல்கள். உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் 1946-ல் கிடைத்தவை சுமார் 1,400. கரூர், பொள்ளாச்சி, காங்கேயம் பக்கத்துக் காத்தங்கண்ணி என்று பட்டியல் நீளும். வரைபடத்தில் புள்ளி வைத்தால் ஒரு பாதை தெரியும். மேற்குக் கடற்கரையின் முசிறியில் கப்பல் நிற்கும். அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் வந்து, நொய்யல், அமராவதிக் கரைகளைத் தொட்டு, சேரர் தலைநகரான கரூருக்குப் போகும் பெருவழி அது. வழியில் கல் அறுத்து மணி செய்த கொடுமணல். பச்சைக்கல் வெட்டிய படியூர்.

அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார், சுள்ளியம் பேரியாற்றின் வெண்நுரை கலங்க வரும் யவனர் கலம் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்கிறார். பொன் வரும், மிளகு போகும். ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கை நான்கே சொல்லில் முடித்துவிட்டார்.

அங்கிருந்து பார்த்தவர்களுக்கு அது வயிற்றெரிச்சல். கி.பி. 22-ல் திபேரியஸே செனட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெண்களின் ரத்தினக் கற்களுக்காக நம் பணம் அந்நிய நாடுகளுக்கும் பகைவர் நாடுகளுக்கும் போகிறதே என்று அதில் புலம்புகிறார். புலம்பிய அதே கடிதத்தில், சட்டம் போட்டு இதைத் தடுக்க முடியாது என்று ஒதுங்கியும் கொள்கிறார். அந்தக் கடிதம் எழுதியவரின் முகம் பொறித்த காசுதான் நொய்யல் கரைப் பானையில் கிடக்கிறது.

இந்தியா வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஷியஸ் உறிஞ்சுகிறது என்பது பிளினியின் கணக்கு. தினாரியஸாக மாற்றினால் ஒன்றேகால் கோடி காசு. அத்தனையும் வெள்ளியாகவே வந்திருந்தால் நாற்பத்தைந்து டன்னுக்கு மேல். அப்படி வரவில்லை, தங்கம், திராட்சைமது, பவளம், கண்ணாடி என்று பலதும் கலந்து வந்தது. பிளினிக்கும் நீதி போதிக்கிற வேகத்தில் எண்ணைப் பெரிதாக்கும் பழக்கம் உண்டு.

நீரோவின் வெள்ளிக்காசு ஏன் இங்கே அதிகம் இல்லை?

கி.பி. 64-ல், பின்னாளில் வந்த பேரரசர் நீரோ ஒரு வேலை செய்தார். அதுவரை ஒரு பவுண்டு வெள்ளியில் 84 காசு. அவர் 96 ஆக்கினார். கூடவே வெள்ளியில் செம்பையும் கலந்தார். ரோமுக்குள் அரசாங்கம் சொன்னால் அது செல்லும். இங்கே யார் கேட்பார்கள்? உரைத்துப் பார்த்து, நிறுத்துப் பார்த்து வாங்குகிற ஊர். பழைய காசு இருந்தால் கொடு, புதியது வேண்டாம். வெள்ளி வரத்து ஏறக்குறைய நின்று, அதன்பின் தங்கம்தான் தொடர்ந்தது.

இதனால் இன்னொரு சிக்கல். ஒரு புதையலில் திபேரியஸ் காசு இருப்பதால் அது திபேரியஸ் காலத்தில் வந்தது என்று சொல்லிவிட முடியாது. நல்ல பழைய காசாகத் தேர்ந்தெடுத்து, ஐம்பது வருடம் கழித்தும் கொண்டுவந்திருக்கலாம்.

இங்கே கடைத்தெருவில் செலவழித்தார்களா?

சில்லறையாகப் புழங்கியிருக்க வாய்ப்பு குறைவு. பெருவணிகத்திலும், உலோகமாகவும், சேமிப்பாகவும் இருந்திருக்கும். தங்கக்காசுகள் பலவற்றில் துளையிட்டு நகையாக அணிந்திருக்கிறார்கள். எழுத்தை அலங்காரக் கோடாக நினைத்து வெட்டிய உள்ளூர் நகல்களும் கிடைத்திருக்கின்றன. தெலங்கானாவின் கொண்டாப்பூரில் திபேரியஸ் தலையைக் களிமண்ணில் அச்செடுத்துச் செய்த பதக்கங்கள் கிடைத்தன. வெள்ளி வாங்க முடியாதவரும் அந்த முகத்தை விரும்பியிருக்கிறார்கள்!

காசின் முகத்தில் ஏன் வெட்டு?

இது அதிகமாகத் தங்கக்காசில். 1898-ல் புதுக்கோட்டை வட்டாரத்துக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் மன்னர் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. உள்ளே தங்கம்தானா என்று சோதித்தது என்பார்கள் சிலர். சோதிக்க விளிம்பே போதுமே, ஒவ்வொன்றிலும் தலையைத் தேடி வெட்டுவானேன்? இனி இது காசாகச் செல்லாது, எடைக்கு மட்டும் என்று அறிவித்த வெட்டு என்ற விளக்கம்தான் எனக்குப் பொருந்துகிறது.

இலங்கை மன்னர் ரோமானியக் காசைப் பார்த்து வியந்த கதை உண்மையா?

பிளினி சொல்லும் கதை. திபேரியஸுக்குப் பின் வந்த பேரரசர் கிளாடியஸ் ஆட்சியில் செங்கடல் வரி வசூலை ஏலம் எடுத்தவரின் பணியாள் ஒருவர் காற்றில் அடித்துக்கொண்டு போய் தாப்ரோபேனில், அதாவது இலங்கையில், கரைசேர்ந்தார். அவரிடம் இருந்த தினாரியஸ்களை மன்னர் வாங்கிப் பார்த்தார். தலைகள் வேறு வேறு, ஆக அடித்த மன்னர்களும் வேறு வேறு. ஆனால் எடை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்று. இந்த நேர்மை பிடித்துப்போய்த்தான் ரோமுக்குத் தூதர்களை அனுப்பினாராம். கதையில் ரோமானியத் தற்பெருமை கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம். காசைத் தராசில் போட்டுப் பார்த்த அந்தக் காட்சியை மட்டும் நான் நம்புகிறேன்.

தினார், தீனாரம் எல்லாம் இதிலிருந்து வந்தவையா?

ஆம். குவைத்திலும் ஜோர்டானிலும் சம்பளம் வாங்குகிறவர்கள் கையில் இருக்கும் தினார், வடமொழியின் தீனாரம், இரண்டுக்கும் வேர் இந்தச் சொல்தான். 1971 வரை பிரிட்டனில் பென்னியைக் குறிக்க எழுதிய ‘டி’ எழுத்தும் தினாரியஸின் முதலெழுத்து.

திபேரியஸ் கஞ்சனா, கொடுங்கோலனா?

இரண்டுக்கும் சாட்சி இருக்கிறது. வரியை உயர்த்தலாம் என்று யோசனை சொன்ன ஆளுநர்களுக்கு, “நல்ல மேய்ப்பன் ஆட்டின் மயிரைக் கத்தரிப்பான், தோலை உரிக்க மாட்டான்” என்று பதில் எழுதினார். கி.பி. 33-ல் கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கடனைத் திருப்பிக் கேட்டு நில விலை சரிந்தபோது, 10 கோடி செஸ்டர்ஷியஸை மூன்று வருடத்துக்கு வட்டியில்லாமல் கொடுத்து நிலைமையைத் தாங்கிப் பிடித்தார். இறக்கும்போது கருவூலத்தில் 270 கோடி செஸ்டர்ஷியஸ் இருந்ததாக சுயட்டோனியஸ் எழுதுகிறார். அடுத்து வந்த கலிகுலா ஒரு வருடத்துக்குள் அதைக் கரைத்துவிட்டார்.

மறுபக்கம் இருட்டு. ராஜதுரோக வழக்குகள் பெருகின. காவல்படைத் தலைவர் செஜானஸிடம் ரோமை விட்டுவிட்டுத் தீவில் உட்கார்ந்தார், கி.பி. 31-ல் அதே செஜானஸை ஒரே நாளில் பிடித்துக் கொன்றார். ஸ்பெயினின் பில்பிலிஸ் நகரத்து வெண்கலக் காசில் செஜானஸின் பெயர் அந்த வருடம் அச்சாகியிருந்தது. சில காசுகளில் பெயர் சுரண்டப்பட்டிருக்கிறது. பயந்த ஒருவர் உட்கார்ந்து காசு காசாகச் சுரண்டியிருக்கிறார்.

காசைக் கழிப்பறைக்கு எடுத்துப் போனால் மரண தண்டனையாமே?

அகஸ்டஸின் உருவம் உள்ள காசையோ மோதிரத்தையோ கழிப்பறைக்கோ விலைமகளிர் வீட்டுக்கோ கொண்டுபோனது குற்றமாகக் கருதப்பட்டது என்று சுயட்டோனியஸ் எழுதியிருக்கிறார். வம்பை விரும்பி எழுதுகிற மனிதர் அவர். எத்தனை பேர் உண்மையில் செத்தார்கள் என்பது வேறு. அப்படி ஒரு பேச்சை நம்பக்கூடிய காலமாக அது இருந்தது.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பைபிள் தொடர்பால் இதன் நகல்கள் ஏராளம். அசல் காசு அடிக்கப்பட்டது, பெரும்பாலான போலி வார்க்கப்பட்டது. லென்ஸில் பாருங்கள். வார்ப்பில் பரப்பு சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருக்கும், ஊசிமுனைக் குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றி ஒட்டு ராவிய தடம் இருக்கும். அடித்த காசில் எழுத்தின் ஓரம் கூர்மை, விளிம்பில் சுத்தியல் அடியால் வந்த சிறு வெடிப்பு. ஒரே கீறல், ஒரே இடத்தில், இரண்டு காசில் இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பு, சந்தேகமே வேண்டாம். எடையும் பாருங்கள்; மூன்றேகால் கிராமுக்குக் கீழே என்றால் கேள்வி கேளுங்கள். அந்தக் காலத்துப் போலியும் உண்டு: உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தகடு. அதைச் சேர்ப்பவர்கள் தனி.

வெளிநாட்டு ஏலங்களில் நல்ல காசு சில நூறு டாலருக்குப் போகிறது. தங்கத்தில் இதே படம் உள்ளது அதைவிடப் பல மடங்கு.

தோட்டத்தில் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்றும் அப்படியே இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முக்கியமாக, கழுவாதீர்கள். புளி போட்டுத் தேய்த்து ‘பளபள’ என்று கொண்டுவந்த ஒரு காசைப் பார்த்திருக்கிறேன். மண்ணோடு வந்திருந்தால் எந்தப் பானை, எந்த ஆழம் என்று ஏதாவது சொல்லியிருக்கும்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகளின் பெரிய சேகரிப்பு இருக்கிறது. போனால் சீசர் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, பூப்பக்கம் திருப்பி வைத்திருக்கும் காசுக்கு முன்னால் நில்லுங்கள். நாற்காலிக் காலைத் தேடுங்கள். கடைசல் இருக்கிறதா, வெறும் குச்சியா?